மூலங்களைப் பெருக்குதல்: பின்னச் சுட்டிகள் காட்டும் வழி



விழா மலர் என்றால் வாழ்த்துரைகளும் கவிதைகளும் சிறுவர் கதைகளும் இடம்பெறுவது வழமை. அவற்றினிடையே அட்சரகணிதப் பாடம் ஒன்றுக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். அதற்கான காரணத்தை முதலில் கூறிவிடுகின்றோம்.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியேறிக்கொண்டிருந்த வேளை. பத்தாம் வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தி தன் நாட்டுப் பாடசாலையின் கணிதப் பயிற்சிக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு யோசனையில் ஆழ்ந்திருந்தாள். √2 × ∛2 எவ்வளவு என்பது வினா. ⁶√4 என்று எழுதி, அதற்குப் பிழை என்று சிவப்புக் கோடும் வாங்கியிருந்தாள். அவளை அழைத்துச் செல்ல வந்த தாயார் கொப்பியை எட்டிப் பார்த்து, “இது சேடுக் கணக்கல்லவா? சுட்டியாக்கிக் கூட்டினால் வந்துவிடுமே!” என்றார். மகளோ, “சுட்டி என்றால் நடனத்துக்கு நெற்றியில் கட்டுவதுதானே அம்மா?” என்று கேட்டாள். தாயார் சிரித்தார். பின்னர், “எனக்கு உங்கள் பாசையில் சொல்லத் தெரியாது பிள்ளை, ரீச்சரிடமே கேள்” என்று கூறி ஒதுங்கிக்கொண்டார்.

தாயாருக்கு விடை தெரியும். மகளுக்கு அந்த விடை வேண்டும். இருவருக்கும் இடையே நின்றவை நான்கைந்து சொற்கள் மட்டுமே. நம் இல்லங்கள் பலவற்றில் மாலை வேளைகளில் நிகழ்வது இதுவே. பிள்ளைக்குத் தன் பெற்றோர் கல்லாதவர் என்ற எண்ணம் தோன்றிவிடுகின்றது. பெற்றோருக்கோ தாம் கற்றது இம்மண்ணில் பயனற்றுப் போயிற்று என்ற ஏக்கம். இரண்டுமே உண்மையல்ல. எனவேதான் அந்த ஒரு கணக்கையே எடுத்து, அடி முதல் நுனி வரை தமிழில் விளக்க முற்படுகின்றோம். பெற்றோரும் பிள்ளையும் அருகருகே அமர்ந்து, தாளும் எழுதுகோலும் கையில் கொண்டு இதனைப் படிக்குமாறு வேண்டுகின்றோம்.

சொற்களை அறிவோம்

2 × 2 × 2 என்பதை 2³ என்று சுருக்கி எழுதுகின்றோம். இங்கே 2 என்பது அடி. அதன் தோளின்மேல் ஏறி நிற்கும் 3 என்பது சுட்டி. தமிழக நூல்கள் இதனை அடுக்கு என்றும் கூறும். இலக்கண வகுப்பில் அ, இ, உ என்பவற்றைச் சுட்டெழுத்துகள் என்று படித்திருப்பீர்கள். அவை பொருளைச் சுட்டிக் காட்டுகின்றன. கணிதத்தில் சுட்டி என்பது, அடியை எத்தனை தடவை எழுதிப் பெருக்க வேண்டும் என்று சுட்டிக் காட்டுகின்றது. நெற்றிச்சுட்டி என்று நினைத்த மாணவியும் வெகுதூரம் விலகிவிடவில்லை. இரண்டும் உச்சியில்தான் வீற்றிருக்கின்றன!

இதன் மறுதலையே மூலம். எந்த எண்ணைத் தன்னால் பெருக்கினால் 9 கிடைக்கும்? 3. ஆகவே 9இன் வர்க்கமூலம் 3; √9 = 3. எந்த எண்ணை மும்முறை எழுதிப் பெருக்கினால் 8 கிடைக்கும்? 2. ஆகவே 8இன் கனமூலம் 2; ∛8 = 2. மூலக்குறியின் வாயிலில் நிற்கும் சிறிய எண்ணை மூலத்தின் வரிசை என்போம். வர்க்கமூலத்தின் வரிசை 2. அதனை எழுதாமல் விடுவது மரபு. மூலம் என்ற சொல்லுக்கு வேர் என்பதே பொருள். இலத்தீனிலும் அரபியிலும் கணிதர்கள் இதற்கு வழங்கிய சொற்கள் வேரையே குறிப்பன. மொழிகள் வேறாயினும் உவமை ஒன்றே.

√2, ∛5 போன்றவற்றின் மதிப்பு முழு எண்ணாகவோ பின்னமாகவோ அமைவதில்லை. இவற்றை இலங்கைப் பாடநூல்கள் சேடுகள் என்றும், தமிழகப் பாடநூல்கள் விகிதமுறா மூலங்கள் என்றும் குறிப்பிடுகின்றன.

அச்சுக்கோப்பு வசதி கருதி ஒரு குறியீட்டு உடன்பாடு: சுட்டி பின்னமாக இருக்கும்போது 2^(1/3) என்று எழுதுகின்றோம். 2இன் தோளில் மூன்றிலொன்று என்ற சுட்டி நிற்கின்றது என்று இதனை வாசிக்க வேண்டும்.

பின்னச் சுட்டி பிறந்த விதம்

2³ × 2⁴ என்ன? மூன்று இரண்டுகளும் நான்கு இரண்டுகளும் சேர்ந்து ஏழு இரண்டுகள். எனவே 2⁷. அடி ஒன்றாயின், பெருக்கும்போது சுட்டிகளைக் கூட்ட வேண்டும். இதுவே முதலாம் சுட்டி விதி.

அ^ம × அ^ந = அ^(ம+ந)

இப்போது ஒரு கேள்வி எழுகின்றது. 2^(1/2) என்று எழுதினால் அதற்குப் பொருள் உண்டா? இரண்டை அரைத் தடவை எழுதிப் பெருக்குவது எங்ஙனம்? எழுதிப் பெருக்குதல் என்ற பழைய பொருள் இங்கே பயன்படாது. ஆனால் சுட்டி விதி இங்கும் உண்மையாக இருக்க வேண்டும் என்று நாம் கோரினால், விடை தானே வெளிப்படும்:

2^(1/2) × 2^(1/2) = 2^(1/2 + 1/2) = 2¹ = 2

தன்னால் பெருக்கும்போது 2ஐத் தரும் நேர் எண் எது? √2. ஆகவே 2^(1/2) என்பது √2 ஆகவே இருத்தல் வேண்டும். அவ்வாறே 2^(1/3) என்பதை மும்முறை பெருக்கினால் 2 கிடைக்கும். ஆகவே அது ∛2. பொதுவாக,

அ^(1/ந) = ந ஆம் வரிசை மூலம்
அ^(ம/ந) = (அ^ம) என்பதன் ந ஆம் வரிசை மூலம்

பின்னத்தின் கீழுள்ள பகுதி எண், மூலத்தின் வரிசையைக் கூறுகின்றது. மேலுள்ள தொகுதி எண், உள்ளே நிற்கும் எண்ணின் சுட்டியைக் கூறுகின்றது. நிலத்தின் கீழே இருப்பது வேர் என்று நினைவிற் கொண்டால் இது மறவாது. உதாரணமாக 8^(2/3) என்பது 64இன் கனமூலம், அதாவது 4. முதலில் 8இன் கனமூலமாகிய 2ஐக் கண்டு, பின்னர் அதனை வர்க்கித்தாலும் 4தான் வரும்.

இக்கட்டுரை முழுவதிலும் அ என்பது நேர் எண்ணையே குறிக்கும். அதன் காரணத்தைப் பின்னர் காண்போம்.

வரிசை ஒன்றாயின்

இரு மூலங்களின் வரிசையும் ஒன்றாக இருப்பின் பெருக்கல் எளிது. உள்ளே நிற்கும் எண்களைப் பெருக்கி, அதே மூலக்குறியின் கீழ் எழுதலாம்.

√2 × √8 = √16 = 4
∛4 × ∛6 = ∛24 = ∛8 × ∛3 = 2∛3

மூலங்களுக்கு முன்னே எண்கள் இருப்பின், வெளியெண்களைத் தனியாகவும் உள்ளெண்களைத் தனியாகவும் பெருக்க வேண்டும்.

2√3 × 5√6 = 10√18 = 10 × 3√2 = 30√2

18 என்பது 9 × 2 ஆதலால், 9இன் மூலமாகிய 3 வெளியே வந்தது. இயன்ற அளவு வெளியே எடுத்து எழுதிய விடையே முழுமையான விடை.

வரிசை வேறுபட்டால்

இனி அந்த மாணவியின் கணக்குக்கு வருவோம். √2 × ∛2. ஒன்று வர்க்கமூலம், மற்றது கனமூலம். வரிசைகள் வேறாதலால் மேற்கூறிய முறை பயன்படாது. மூலக்குறிகளைக் களைந்துவிட்டுச் சுட்டிகளாக எழுதுவோம்:

√2 × ∛2 = 2^(1/2) × 2^(1/3)

அடி ஒன்றே. ஆகவே சுட்டிகளைக் கூட்டலாம். பின்னங்களைக் கூட்டுவதற்கு முதலில் பகுதி எண்களைச் சமமாக்க வேண்டும். 2, 3 ஆகியவற்றின் பொது மடங்குகளுள் சிறியது 6.

1/2 + 1/3 = 3/6 + 2/6 = 5/6

ஆகவே விடை 2^(5/6). மீண்டும் மூலக்குறியில் எழுதினால் ⁶√(2⁵) = ⁶√32.

தாயார் கூறிய “சுட்டியாக்கிக் கூட்டினால் வந்துவிடும்” என்ற ஒற்றை வரியில் இம்முறை முழுவதும் அடங்கியிருந்ததைக் காண்க. மூன்றே படிகள்: சுட்டியாக மாற்று, கூட்டு, மீண்டும் மூலமாக எழுது. நாம் ஐந்தாம் வகுப்பிலே படித்த பின்னக் கூட்டல்தான் இங்கே முழு வேலையையும் செய்கின்றது.

மாணவி எழுதிய ⁶√4 ஏன் பிழை? அவள் வரிசைகளை 2 × 3 என்று பெருக்கி 6 ஆக்கினாள்; உள்ளெண்களை 2 × 2 என்று பெருக்கி 4 ஆக்கினாள். ஆறாம் வரிசை சரியானதே. ஆனால் ஒவ்வொரு மூலத்தையும் ஆறாம் வரிசைக்குக் கொண்டுவரும்போது உள்ளெண்ணும் மாறவேண்டும் என்பதை விட்டுவிட்டாள். √2 என்பது ⁶√8 ஆகும். ∛2 என்பது ⁶√4 ஆகும். இவற்றைப் பெருக்கினால் ⁶√32. இரண்டு நாட்டு நாணயங்களைக் கூட்ட முன்னர் இரண்டையும் ஒரே நாணயத்துக்கு மாற்றுகின்றோம். அப்போது நோட்டின் பெயர் மட்டுமன்றித் தொகையும் மாறுகின்றதல்லவா? அதுபோலவே இதுவும்.

விடையைச் சோதிக்கும் வழி

கணிப்பொறி இல்லாமலே விடை பொருந்துமா என்று பார்க்கலாம். √2 ஏறத்தாழ 1.41, ∛2 ஏறத்தாழ 1.26. இரண்டுமே 1ஐ விடப் பெரியவை. ஒன்றை விடப் பெரிய எண்கள் இரண்டைப் பெருக்கினால், வரும் விடை அவ்விரண்டையும் விடப் பெரிதாக இருத்தல் வேண்டும். ஆகவே நம் விடை 1.41ஐ விடப் பெரிதாதல் கட்டாயம்.

மாணவர் வழக்கமாக எழுதும் பிழையான விடைகளை இச்சோதனைக்கு உட்படுத்துவோம். ⁶√4 ஏறத்தாழ 1.26. ⁶√2 ஏறத்தாழ 1.12. வரிசைகளைக் கூட்டி எழுதப்படும் ⁵√4 ஏறத்தாழ 1.32. மூன்றுமே தோற்றுவிடுகின்றன. சரியான விடையாகிய ⁶√32 ஏறத்தாழ 1.782, 1.414 × 1.260 என்பதும் ஏறத்தாழ 1.782. பரீட்சை மண்டபத்தில் அரை நிமிடம் செலவிட்டு இதனைச் செய்தால் பல புள்ளிகளைக் காப்பாற்றலாம்.

அடியும் வேறுபட்டால்

√3 × ∛2 என்ற கணக்கில் வரிசையும் வேறு, அடியும் வேறு. அடி வேறானால் சுட்டிகளைக் கூட்டுதல் கூடாது. ஆனால் இரு சுட்டிகளுக்கும் ஒரே பகுதி எண்ணைத் தரலாம்.

3^(1/2) × 2^(1/3) = 3^(3/6) × 2^(2/6) = (3³ × 2²)^(1/6) = (27 × 4)^(1/6) = ⁶√108

இங்கே சுட்டிகள் கூட்டப்படவில்லை, சமப்படுத்தப்பட்டன. பின் வரிசை ஒன்றாகிவிட்டதால் உள்ளெண்களைப் பெருக்கினோம்.

சில வேளைகளில் அடிகள் வேறுபோலத் தோன்றினும் உள்ளுக்குள் ஒன்றாக இருக்கும். ∛4 × ∜8 என்பதைப் பாருங்கள். 4 என்பது 2². 8 என்பது 2³. ஆகவே,

2^(2/3) × 2^(3/4) = 2^(8/12 + 9/12) = 2^(17/12)

17/12 என்பது 1ஐ விடப் பெரியது. அதனை 1 + 5/12 என்று பிரித்தால் முழுப்பகுதி வெளியே வந்துவிடும்:

2^(17/12) = 2 × 2^(5/12) = 2 × ¹²√32

எண்களுக்குப் பதிலாக எழுத்துகள் வந்தாலும் முறை மாறுவதில்லை:

√அ × ∛(அ²) = அ^(1/2 + 2/3) = அ^(7/6) = அ × ⁶√அ

கவனிக்க வேண்டிய இடங்கள்

முதலாவது, கூட்டலையும் பெருக்கலையும் குழப்பிக்கொள்ளுதல். √9 × √16 = √144 = 12 என்பது சரி. ஆனால் √9 + √16 என்பது √25 அன்று. முன்னது 3 + 4 = 7; பின்னது 5. மூலக்குறி பெருக்கலுக்கு இணங்கும், கூட்டலுக்கு இணங்காது.

இரண்டாவது, சுட்டிகளைக் கூட்டவேண்டிய இடத்தில் பெருக்குதல். 2^(1/2) × 2^(1/3) என்பதில் சுட்டிகள் கூட்டப்படும். கனமூலத்தின் வர்க்கமூலம் காணும்போதுதான், அதாவது மூலத்துக்குள் மூலம் வரும்போதுதான், சுட்டிகள் பெருக்கப்படும். √(∛2) = 2^(1/6) = ⁶√2.

மூன்றாவது, மறை எண்கள். √(−4) × √(−9) என்பதை √36 = 6 என்று எழுதுவது பிழை. √(−1) என்னும் கற்பனை எண்ணைக் கொண்டு எழுதினால், 2√(−1) × 3√(−1) = 6 × (−1) = −6 என்பதே சரியான விடை. உள்ளெண்களைப் பெருக்கும் விதி, அவை நேர் எண்களாக இருக்கும்போது கிடைத்த உரிமை. அதனை எல்லா இடத்துக்கும் கொண்டு செல்லலாகாது.

இதனினும் வியப்பான ஒன்று உண்டு. −8இன் கனமூலம் −2; ஆகவே (−8)^(1/3) = −2 என்கின்றோம். 1/3 என்பதும் 2/6 என்பதும் ஒரே பின்னம். ஆனால் (−8)^(2/6) என்பதை 64இன் ஆறாம் வரிசை மூலம் என்று கொண்டால் 2 வருகின்றது! ஒரே சுட்டி இரு விடைகளைத் தந்தால் விதிகள் குலைந்துவிடும். அ என்பது நேர் எண் என்று தொடக்கத்திலேயே வேலி அமைத்ததன் காரணம் இதுவே.

நம் கையிலுள்ள தாள்

“இதெல்லாம் எதற்கு உதவும்?” என்று பிள்ளைகள் கேட்பது இயல்பு. மூன்று உதாரணங்கள் தருகின்றோம்.

ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பெருவழக்காக உள்ள ஏ4 தாளை எடுத்து அளந்து பாருங்கள். நீளம் 297 மில்லிமீற்றர்; அகலம் 210 மில்லிமீற்றர். இந்த விசித்திரமான எண்கள் எங்கிருந்து வந்தன? ஒரு தாளை நடுவே மடித்தால், பாதித்தாளும் முழுத்தாளின் வடிவிலேயே இருக்கவேண்டும் என்பது விருப்பம். இதற்கு நீளம் அகலத்தைப் போல √2 மடங்காக இருக்கவேண்டும். இச்சிறப்பை ஜேர்மானிய அறிஞர் லிக்ரன்பேர்க் 1786ஆம் ஆண்டில் எழுதிய கடிதமொன்றில் குறிப்பிட்டுள்ளார். 1922இல் ஜேர்மனியில் இது நியமமாக்கப்பட்டது. 1975இல் சர்வதேச நியமமாயிற்று.

இத்தொடரின் தலைத்தாளாகிய ஏ0இன் பரப்பளவு ஒரு சதுர மீற்றர். அதன் நீளம் 2^(1/4) மீற்றர். அகலம் 2^(−1/4) மீற்றர். பெருக்கிப் பாருங்கள்: 2^(1/4 − 1/4) = 2⁰ = 1. ஒருமுறை மடிக்கும்போது ஒவ்வொரு பக்கமும் 2^(−1/2) மடங்காகச் சுருங்குகின்றது. நான்கு முறை மடித்தால் ஏ4. அதன் நீளம் 2^(1/4) × 2^(−2) = 2^(−7/4), அதாவது ஏறத்தாழ 0.297 மீற்றர். அகலம் 2^(−9/4), அதாவது ஏறத்தாழ 0.210 மீற்றர். இரண்டையும் பெருக்கினால் 2^(−16/4) = 2^(−4) = 1/16 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 80 கிராம் என்று உறையில் அச்சிடப்பட்ட தாளாயின், ஏ4 தாள் ஒன்றின் நிறை 80இன் பதினாறில் ஒரு பங்கு. சரியாக 5 கிராம். கடிதத்துக்கு முத்திரை ஒட்டும்போது இது உதவும்.

மேடையிலுள்ள இசைக்கருவி

நம் விழா மேடையில் பிள்ளைகள் பாடும்போது பக்கத்தில் ஒலிக்கும் ஹார்மோனியத்தையும் மின்னிசைப் பலகையையும் நோக்குங்கள். கீழ்ச் சட்ஜமத்திலிருந்து மேற்சட்ஜமம் வரை பன்னிரண்டு படிகள் உள்ளன. மேற்சட்ஜமத்தின் அதிர்வெண் கீழ்ச் சட்ஜமத்தினதைப் போல இரு மடங்கு. பன்னிரண்டு படிகளும் சமமாக இருக்கவேண்டுமாயின், ஒவ்வொரு படியும் அதிர்வெண்ணை 2^(1/12) மடங்காக்க வேண்டும். இது ஏறத்தாழ 1.0595. சீன நாட்டு இளவரசரான ஜூ சாய்யூ என்பவர் இந்த எண்ணைக் கணித்து 1584இல் வெளியிட்டார்.

சட்ஜமத்திலிருந்து நான்கு படிகள் ஏறினால் அந்தர காந்தாரம். அதன் விகிதம் 2^(4/12) = 2^(1/3) = ∛2. அங்கிருந்து மேலும் மூன்று படிகள் ஏறினால் பஞ்சமம். அந்த மூன்று படிகளின் விகிதம் 2^(3/12) = 2^(1/4) = ∜2. ஆகவே சட்ஜமத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள விகிதம்,

∛2 × ∜2 = 2^(4/12 + 3/12) = 2^(7/12)

வரிசை வேறுபட்ட இரு மூலங்களைப் பெருக்குதல் என்பது, இசைக்கருவியில் நான்கு படி ஏறிப் பின்னர் மூன்று படி ஏறுதலே! 3, 4 ஆகியவற்றின் பொது மடங்குகளுள் சிறியதாகிய 12, இங்கே பன்னிரண்டு கட்டைகளாக நம் கண்முன்னே கிடக்கின்றது. சட்ஜமத்திலிருந்து ஆறு படி ஏறினால் பிரதி மத்திமம். அதன் விகிதம் √2. மேலும் ஆறு படி ஏறினால் √2 × √2 = 2; மேற்சட்ஜமம்.

2^(7/12)இன் மதிப்பு ஏறத்தாழ 1.4983. தம்புராவில் இயற்கையாக ஒலிக்கும் பஞ்சமத்தின் விகிதமோ சரியாக 3/2, அதாவது 1.5. இச்சிறு வேறுபாட்டைத் தேர்ந்த செவிகள் உணரும். அந்தர காந்தாரத்தில் வேறுபாடு இன்னும் பெரிது: கருவியில் 1.2599, இயற்கையில் 5/4 அதாவது 1.25. கருநாடக இசைவாணருள் பலர் கட்டைக் கருவிகளை முழுமனத்துடன் ஏற்காமைக்கு இதுவும் ஒரு காரணம்.

கோள்களின் ஓட்டம்

1619இல் கெப்ளர் வெளியிட்ட மூன்றாம் விதியின்படி, ஒரு கோள் சூரியனைச் சுற்றும் காலத்தின் வர்க்கம், அதன் சராசரித் தூரத்தின் கனத்துக்கு விகிதசமம். காலத்தைப் பூமியின் ஆண்டிலும் தூரத்தைப் பூமியின் தூரத்தை அலகாகக் கொண்டும் அளந்தால்,

காலம் = தூரம் × √தூரம் = தூரம்^(1 + 1/2) = தூரம்^(3/2)

செவ்வாயின் தூரம் 1.524. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 1.2345. பெருக்கினால் 1.881. அதாவது செவ்வாய்க்கு ஓராண்டு என்பது நமக்கு 1.881 ஆண்டுகள், ஏறத்தாழ 687 நாள்கள். ஓர் எண்ணையும் அதன் மூலத்தையும் பெருக்கத் தெரிந்தவர், ஒரு கோளின் ஆண்டை வீட்டில் இருந்தவாறே கணக்கிட்டுவிடலாம்.

குறியீடுகளின் பயணம்

√ என்னும் குறி 1525ஆம் ஆண்டில் ருடோல்ஃப் என்ற ஜேர்மானியரின் அட்சரகணித நூலில் முதன்முதலாக அச்சேறியது. பின்னச் சுட்டி என்ற கருத்து அதற்கும் முற்பட்டது. பதினான்காம் நூற்றாண்டிலேயே பிரான்சு நாட்டு ஒரேம் அதனைக் கையாண்டார். சுட்டியைத் தோளின்மேல் எழுதும் வழக்கத்தை 1637இல் வெளிவந்த டேக்கார்ட்டின் நூல் பரப்பியது. 1676இல் நியூட்டன் எழுதிய புகழ்பெற்ற கடிதமொன்றில், மூலக்குறிகளுக்குப் பதிலாகப் பின்னச் சுட்டிகளை எழுதலாம் என்று விளக்கினார். கருத்துத் தோன்றியதற்கும் குறியீடு நிலைபெற்றதற்கும் இடையே முந்நூறு ஆண்டுகள் சென்றன. ஆகவே ஒரு வாரத்தில் இது பிடிபடவில்லை என்று எந்த மாணவரும் மனந்தளர வேண்டியதில்லை.

பயிற்சி

பெற்றோர் வினாவைத் தமிழில் வாசிக்க, பிள்ளைகள் விடையை எழுதுக. பின்னர் பிள்ளைகள் தம் பாடசாலை மொழியில் வாசிக்க, பெற்றோர் எழுதுக. எழுத்துகள் நேர் எண்களைக் குறிக்கும்.

1. √5 × ∛5
2. ∛9 × ∛3
3. √2 × ∛3
4. ∜27 × √3
5. 4√3 × 2√6
6. √(அ³) × ∛அ
7. √2 × ∜2 × ∜2
8. பிரதியெடுக்கும் இயந்திரம் ஏ3 தாளை ஏ4 ஆகச் சுருக்கும்போது 71 விழுக்காடு என்று காட்டுகின்றது. இந்த எண் எவ்வாறு வந்தது? இருமுறை சுருக்கினால் பக்கத்தின் நீளம் என்னவாகும்?

விடைகள்: (1) ⁶√3125. (2) 3. (3) ⁶√72. (4) 3∜3. (5) 24√2. (6) அ × ⁶√(அ⁵). (7) 2, இசைக்கருவியில் ஆறு படி, மூன்று படி, மூன்று படி ஏறி மேற்சட்ஜமத்தை அடைந்துவிட்டோம். (8) 2^(−1/2) ஏறத்தாழ 0.707, அதனையே 71 விழுக்காடு என்கின்றனர். இருமுறை சுருக்கினால் 2^(−1/2) × 2^(−1/2) = 2^(−1); பக்கத்தின் நீளம் சரிபாதியாகும்.

நிறைவாக

பெற்றோர்களே, ஊரில் விளக்கொளியில் அமர்ந்து நீங்கள் மனனம் செய்த சுட்டி விதி இங்கும் அதே விதிதான். கடல் கடந்ததால் அதன் வலிமை குன்றவில்லை. சொல் மறந்திருந்தால் பிள்ளையிடம் கேளுங்கள், அது குறைவன்று. பிள்ளைகளே, உங்கள் அம்மாவும் அப்பாவும் வேறு சொற்களால் கூறுவது உங்கள் பாடநூலில் உள்ளதையே. ஒரு கணம் பொறுத்து, “அதற்கு எங்கள் வகுப்பில் இப்படிச் சொல்வார்கள்” என்று எடுத்துரையுங்கள்.

வரிசை வேறுபட்ட இரு மூலங்களை அப்படியே பெருக்க முடியாது. இரண்டுக்கும் பொதுவான ஒரு பகுதி எண்ணைக் கண்ட பின்னரே அவை ஒரு குறியின் கீழ் வருகின்றன. அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த வாரம் மாணவி தன் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். பிழையான விடையின் அருகில் ⁶√32 என்று அவளது கையெழுத்திலும், அதன் கீழே “சுட்டிகளைக் கூட்டுக” என்று தாயாரின் கையெழுத்திலும் எழுதப்பட்டிருந்தன.